அமாவாசைக் கோபம், பௌர்ணமித் தூக்கம்: 177 நாள் நோட்டுப் போட்டுச் சரிபார்ப்பது எப்படி

வீட்டில் ஒருவர் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தால், "அமாவாசை நெருங்குதுல்ல, அதான்" என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். காலண்டரைப் பார்த்தால் அமாவாசைக்கு இன்னும் நாலு நாள் இருக்கும். "நாலு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிரும்" என்று அதற்கும் பதில் வரும். அமாவாசை போய் நாலு நாள் ஆகியிருந்தால் "இன்னும் இறங்கல". பௌர்ணமிக்கும் இதே பேச்சுதான். முன்னால் நாலு, பின்னால் நாலு, நடுவில் ஒன்று. அமாவாசைக்கு 9, பௌர்ணமிக்கு 9, ஆக 18 நாள். முப்பதில் 18 நாள் பொருந்துகிற விதி எந்தச் சண்டைக்கும் பொருந்தும்.

இதை வாயால் பேசித் தீர்க்க முடியாது. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஆறு பிறைச் சுற்று இருந்தால் உங்கள் வீட்டு அளவில் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் மதுரையில் இதைச் செய்வதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதை முதலில் பார்த்துவிடலாம்.

வானத்து நிலா, காலண்டர் நிலா

நம் ஊரில் நிலா இரண்டு வழியாக வீட்டுக்குள் வருகிறது. ஒன்று வானத்திலிருந்து: வெளிச்சமாக, ஈர்ப்பாக. இன்னொன்று காலண்டரிலிருந்து. அமாவாசை என்றால் வீட்டில் கவுச்சி கிடையாது, காக்காய்க்குச் சோறு வைக்காமல் சாப்பாடு கிடையாது, விரதக்காரர் மதியம் ஒரு மணி வரை வெறும் வயிறு, கடை வாசலில் பூசணிக்காய் உடைப்பு. பௌர்ணமி என்றால் திருப்பரங்குன்றத்தில் கிரிவலம். சித்ரா பௌர்ணமி என்றால் அழகர் ஆற்றில் இறங்குகிறார். முதல் நாள் எதிர்சேவையிலிருந்தே பாதி ஊர் தூங்குவதில்லை. மறுநாள் மதியம் ஒருவர் எரிந்து விழுந்தால், அவர் தூங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்பதுதான் முறை.

திருவிழாக்கள் பௌர்ணமியில் வந்து விழுவது தற்செயல் இல்லை. எந்த நட்சத்திரத்தை ஒட்டி முழுநிலா வருகிறதோ, அதன் பெயரைத்தான் மாதம் சுமக்கிறது. அதனால்தான் தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம் எல்லாமே முழுநிலாவை ஒட்டி நிற்கின்றன. தையிலிருந்து வைகாசி வரை தெப்பம், குலதெய்வக் கோயில் பயணம், மைக்செட், கூட்டம் இல்லாத பௌர்ணமி ஒன்றைத் தேடுவது கஷ்டம்.

தாக்கூர், சர்மா என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் 1978 முதல் 1982 வரை மூன்று காவல் நிலையங்களின் பதிவேடுகளைப் பார்த்து, பௌர்ணமி நாட்களில் குற்றம் அதிகம் என்று 1984-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். உடம்பில் எழும் 'மனித ஓதம்' காரணமாக இருக்கலாம் என்றார்கள் (ஓதம் என்றால் கடல்நீர் ஏறி இறங்குவது). எண்ணிக்கை சரியாகவே இருக்கட்டும். இந்தியாவில் முழுநிலா என்பது கூட்டம் கூடும் நாள். கூட்டம் கூடும் இடத்தில் பிக்பாக்கெட்டும் கைகலப்பும் கூடும். காலண்டர் நிலாவைக் கழிக்காமல் வானத்து நிலாவின் மேல் வழக்குப் போட முடியாது. உங்கள் நோட்டும் இந்த இடத்தில்தான் கவிழும், கவனமாக இல்லாவிட்டால்.

"உடம்பில் 80 சதவீதம் தண்ணீர், கடலை இழுக்கிற நிலா நம்மை இழுக்காதா" என்ற வாதத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். பெரியவர் உடம்பில் நீர் சுமார் 60 சதவீதம். கடல் பொங்குவது அது தண்ணீர் என்பதால் மட்டும் அல்ல, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்திருப்பதால். பூமியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நிலாவின் இழுப்பு வித்தியாசப்படுகிறது, அந்த வித்தியாசம்தான் ஓதம். வண்டியூர் தெப்பக்குளத்தில் பௌர்ணமிக்கு நீர் ஏறி இறங்கி யாரும் பார்த்ததில்லை. 1.7 மீட்டர் உயர மனிதனின் தலைக்கும் காலுக்கும் இடையே நிலா உண்டாக்கும் இழுப்பு வித்தியாசம், பூமியின் ஈர்ப்பில் சுமார் 33 லட்சம் கோடியில் ஒரு பங்கு. தவிர, நிலாவின் இழுப்பு பிறையைப் பொறுத்ததல்ல, தூரத்தைப் பொறுத்தது. நிலா பூமியை நெருங்கி வருவது 27.55 நாளுக்கு ஒரு முறை. பிறைச் சுற்று 29.53 நாள். ஈர்ப்புதான் காரணம் என்று நம்புகிறவர் அமாவாசையை விட்டுவிட்டு அந்த 27.55-ஐ அல்லவா எண்ண வேண்டும்?

மிஞ்சுவது வெளிச்சம். அதற்குத் தனிச் சோதனை பின்னால் வருகிறது.

எப்போது தொடங்குவது

ஆறு பிறைச் சுற்று என்பது 6 × 29.53, அதாவது 177 நாள். அதற்குக் குறைந்தால் பயனில்லை. இரண்டு மாத நோட்டில் இரண்டே பௌர்ணமி, அதில் ஒன்றில் காய்ச்சல் வந்தால் கதை முடிந்தது.

திருவிழா நெருக்கம் குறைந்த பாதியைப் பிடியுங்கள்: ஆனிக் கடைசி அல்லது ஆடி முதல் மார்கழி வரை. அதிலும் ஆடி பௌர்ணமிக்கு அழகர்கோவில் தேர், ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, கார்த்திகை தீபம் எல்லாம் உண்டு; தீபாவளி எப்போதும் ஐப்பசி அமாவாசையை ஒட்டியே வரும், வெடிச் சத்தத்தில் இரண்டு ராத்திரி போகும். ஆனாலும் தை–வைகாசியோடு ஒப்பிட்டால் இது அமைதியான பாதி.

தொடங்கும் நாள் வளர்பிறை அஷ்டமியாக இருக்கட்டும். அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார்கள். இந்த நோட்டுக்கு அதுதான் நல்ல நாள். அங்கே தொடங்கினால் முதல் பௌர்ணமி சுமார் 8-ம் நாள், முதல் அமாவாசை சுமார் 22-ம் நாள் வரும். ஆறு பௌர்ணமியும் ஆறு அமாவாசையும் முன்பின் நாட்களோடு 177-க்குள் முழுசாக அடங்கும். அமாவாசையன்று தொடங்கினால் கடைசி அமாவாசை நோட்டின் விளிம்பில் பாதியாக அறுபடும்.

கேள்வியை முடிவு செய்து ஒட்டிவிடுங்கள்

முதல் பக்கத்தில் எழுதும் முன், ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். "பௌர்ணமியை ஒட்டி மனசு எப்படி இருக்கு" என்பது கேள்வி இல்லை. "பௌர்ணமி விழும் நாளும் அதற்கு முந்தின, பிந்தின நாளும் சேர்த்து மூன்று நாட்களில், என் தூக்கம் மற்ற நாட்களைவிடக் குறைகிறதா" என்பது கேள்வி. எது அளவு, எத்தனை நாள் ஜன்னல் (எந்தெந்த நாளைச் சேர்த்து எண்ணுவது), கூடுமா குறையுமா மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கவரில் வைத்து ஒட்டி வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எண்களைப் பார்த்ததும் மனசு தானாக ஜன்னலை அகலப்படுத்தும். ஒட்டிய கவர் அதைத் தடுக்கும்.

எதை அளப்பது என்று குழம்பினால் தூக்கத்தையே எடுங்கள். கோபத்தைவிட அதை எண்ணுவது எளிது, கோபத்துக்குப் பாதிக் காரணமும் அதுதான்.

நோட்டு

கோடு போட்ட சாதா நோட்டு போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி, இரட்டைப் பக்கத்தில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: நாள் எண் (1 முதல் 177), கிழமை, படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்த தடவை, மனநிலை மதிப்பெண், வாய்ச்சண்டை எண்ணிக்கை, டீ–காபி எண்ணிக்கை. வலது பக்கத்தில் குழப்பும் காரணங்களுக்கு டிக் மட்டும்: கரண்ட் கட், மைக்செட், விரதம், ஊர்ப்பயணம், உடம்பு சரியில்லை, சம்பள வாரம், மாதவிலக்கு, மாத்திரை விட்டுப்போச்சு.

திதிக்குக் கட்டம் கிடையாது. கையால் எழுதும்போது பக்கத்தில் "அமாவாசை" என்று இருந்தால், 5 போட வேண்டிய இடத்தில் 3 போடுவீர்கள். இதில் பொய் எதுவும் இல்லை, அன்றைக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றும். தினசரி கிழிக்கும் காலண்டரை நீங்கள் கிழிக்காதீர்கள், வீட்டில் வேறு யாராவது கிழிக்கட்டும். போனில் பஞ்சாங்க ஆப் இருந்தால் அறிவிப்பை நிறுத்துங்கள். இத்தனை செய்தும் தெருமுனைப் பூசணிக்காயும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நண்பர் போடும் கிரிவலப் படமும் காட்டிக்கொடுத்துவிடும். மதுரையில் முழுசாகக் கண்ணைக் கட்டிக்கொள்ள முடியாது. அதனால்தான் மதிப்பெண்ணைவிட மணியடித்த நேரத்தை நம்பச் சொல்வது. சண்டையைக் கணக்கெடுப்பதாக இருந்தால், நிலாவைப் பற்றிக் கவலையே படாத ஒருவர் உங்களுக்காக எண்ணட்டும். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் அதைவிடக் கறாரான கணக்குப்பிள்ளை கிடைக்காது.

மனநிலைக்கு 0 முதல் 10 வரை போடுவதென்றால், எண்களுக்கு முன்கூட்டியே உருவம் கொடுங்கள். 0 என்றால் எழுந்து பல் விளக்கவே மனசில்லை. 3 என்றால் வேலை ஓடுகிறது, யார் பேசினாலும் எரிச்சல். 5 வழக்கமான நாள். 7 என்றால் தானாகப் பாட்டு வருகிறது. 10 என்றால் மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லை, பேச்சும் செலவும் கட்டுக்குள் இல்லை. (10 நல்ல நாள் அல்ல. அது இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை.) தினமும் ஒரே நேரத்தில், இரவு 8 மணி என்றால் 8 மணிக்கே, போடுங்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு நாள், பின் ஒரு நாள் என்று போட்டால் நீங்கள் அளப்பது பசியை.

ஒரு வரி இப்படி இருக்கும்: 41, செவ்வாய், படுத்தது 10.50, எழுந்தது 5.40, விழிப்பு 1, மனநிலை 4, சண்டை 1, டீ 4, கரண்ட் கட் டிக். தூக்கத்தை நிமிடமாக மாற்றிக்கொள்ளுங்கள்: 10.50 முதல் 5.40 வரை 410. விட்டுப்போன நாளை மறுநாள் நினைவிலிருந்து நிரப்பாதீர்கள், காலியாக விட்டுவிடுங்கள். 177-ல் பத்துப் பதினைந்து காலி இருந்தால் குற்றமில்லை. நினைவிலிருந்து நிரப்பிய பத்து வரிதான் நோட்டைக் கெடுக்கும்.

இடையில் கூட்டிப் பார்ப்பதும் வேண்டாம். மூன்று பௌர்ணமி ஆனதும் "ஆமா, குறையுதே" என்று தெரிந்துவிட்டால் நாலாவது பௌர்ணமிக்குத் தூக்கம் வராமல் புரள்வீர்கள்.

திதியை ஏற்றுவது

177 முடிந்ததும் பஞ்சாங்கத்தை எடுங்கள். திருக்கணிதம் எடுங்கள்; வாக்கியப் பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரம் சில மணி முன்பின்னாக இருக்கும். விரதத்துக்கு எது உங்கள் வீட்டு வழக்கமோ அது இருக்கட்டும், வானத்துக்குத் திருக்கணிதம்.

திதி என்பது நிலா சூரியனைவிட்டு 12 பாகை விலகும் நேரம். அது 24 மணி நேரம் அல்ல. சுமார் 19 மணியிலிருந்து 26 மணி வரை போகும். பௌர்ணமி திதி முடிகிற கணம்தான் நிலா முழுமையாகும் கணம். அமாவாசை திதி முடிகிற கணம்தான் சூரியனும் நிலாவும் சேரும் கணம். காலண்டரில் சிவப்பில் போட்டிருக்கும் தேதியை அப்படியே எடுத்தால் ஒரு நாள் தவற வாய்ப்பு உண்டு. பௌர்ணமி திதி திங்கள் இரவு 8-க்குத் தொடங்கிச் செவ்வாய் இரவு 7-க்கு முடிந்தால், கிரிவலம் திங்கள் இரவே போவார்கள். முழுநிலாக் கணம் செவ்வாய். உங்கள் நடுநாள் செவ்வாய். முன் ஒன்று பின் ஒன்று சேர்த்து மூன்று நாள் ஜன்னல் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

ஆறு பௌர்ணமிக்கும் நாள் எண் குறித்துக்கொள்ளுங்கள், உதாரணமாக 8, 37, 67, 96, 126, 155. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள். மொத்தம் 18 இரவு.

கிழமையைக் கழிப்பது

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை யாரும் 5.40-க்கு எழுவதில்லை. உங்கள் ஆறு பௌர்ணமியில் நாலு ஞாயிறை ஒட்டி வந்தால் "பௌர்ணமியில் தூக்கம் கூடுகிறது" என்று நோட்டு சொல்லும், கூடியது ஞாயிறு. பௌர்ணமியன்று சாலை விபத்து கூடுகிறது என்று வெளியான ஒரு மேல்நாட்டு ஆய்வும் இப்படித்தான் கவிழ்ந்தது: அவர்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் முழுநிலாக்கள் வார இறுதிகளில் கூடுதலாக விழுந்திருந்தன.

செய்ய வேண்டியது எளிது. ஏழு கிழமைக்கும் தனித்தனிச் சராசரி எடுங்கள். ஒவ்வொரு நாளின் நிமிடத்திலிருந்தும் அந்தக் கிழமைச் சராசரியைக் கழியுங்கள். செவ்வாய்ச் சராசரி 405 என்றால், 41-ம் நாளின் 410 என்பது +5. ஞாயிறு சராசரி 460 என்றால், ஒரு ஞாயிறின் 440 என்பது −20. இந்தக் கழித்த எண்களை வைத்துத்தான் இனிக் கணக்கு.

சம்பளத் தேதி இன்னும் வம்பு. மாதம் சராசரி 30.44 நாள், பிறைச் சுற்று 29.53, மாதத்துக்கு 0.9 நாள்தான் விலகும். ஆறு மாதத்தில் ஐந்தரை நாள். அதாவது, 1-ம் தேதி சம்பளக்காரருக்கு இந்த ஆறு மாதமும் பௌர்ணமி கையில் காசு புரளும் வாரத்திலேயே வந்துகொண்டிருக்கலாம், அல்லது கடன் கேட்கும் வாரத்திலேயே. 177 நாளில் இதைப் பிரிக்க முடியாது. சம்பளம் உங்கள் மனநிலையை அவ்வளவு ஆட்டும் என்றால் நோட்டை ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டுங்கள். மாதவிலக்குச் சுழற்சியும் அப்படியே. 29–30 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு அது பிறையோடு ஒட்டியே நடக்கும். அந்த டிக் கட்டத்தைக் காலியாக விட்டால், உடம்பு செய்வதை நிலாவின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

நகர்த்திப் பார்ப்பது

இப்போது 18 இரவுகளின் கழித்த எண்களுக்குச் சராசரி எடுங்கள். −9 நிமிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது நிமிடம் குறைவு, நிலாவின் வேலையா?

சந்தேகத்தைத் தீர்க்கப் பெரிய புள்ளியியல் தேவையில்லை. ஆறு பௌர்ணமி எண்களோடும் 1 கூட்டுங்கள்: 9, 38, 68, 97, 127, 156. அந்தப் பொய்ப் பௌர்ணமிகளின் 18 இரவுக்கும் அதே சராசரி எடுங்கள். பிறகு 2 கூட்டி, 3 கூட்டி, 28 வரை. 177-ஐத் தாண்டும் எண்ணிலிருந்து 177-ஐக் கழித்து நோட்டின் முன்பக்கத்துக்கு வந்துவிடுங்கள். மொத்தம் 29 சராசரி. ஒன்று நிஜப் பௌர்ணமி, 28 போலி. குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்துங்கள். கையால் செய்தால் ஒரு ஞாயிறு மதியம் போகும். போனில் ஷீட் போடத் தெரிந்தவருக்கு அரை மணி நேரம்.

நிஜப் பௌர்ணமி அந்த வரிசையில் நாலாவதோ பத்தாவதோ என்றால், சும்மா ஒரு தேதியைக் கண்ணை மூடித் தொட்டாலும் அந்தக் குறைவு வந்திருக்கும். முதலிடம் என்றால்தான் பேச்சு. தற்செயலாக அது நடக்க 29-ல் ஒரு வாய்ப்பு. கவரில் "குறையுமா" என்று எழுதியிருந்தால்தான் இந்தக் கணக்கு. குறைவானாலும் கூடினாலும் சரி, தூக்கம், மனநிலை, சண்டை, டீ நாலில் எதுவானாலும் சரி என்று தேடினால், ஏதாவது ஒன்றில் முதலிடமோ கடைசி இடமோ சும்மா கிடைக்கவே நாலில் ஒரு வாய்ப்பு. கவரை ஒட்டச் சொன்னது இதற்குத்தான்.

அடுத்து, விசேஷ நாட்களை எடுத்துவிட்டு ஒருமுறை. மைக்செட், விரதம், பயணம் டிக் விழுந்த நாட்களையும் தீபாவளியையும் காலியாக்கி, அதே 29 சராசரியையும் மறுபடி எடுங்கள். டிக் நாட்களோடு முதலிடத்தில் இருந்த பௌர்ணமி, அவற்றை எடுத்ததும் பன்னிரண்டாம் இடத்துக்கு இறங்கினால், தூக்கத்தைக் கெடுத்தது காலண்டர் நிலா. இறங்காமல் நின்றால் அதே கேள்வியோடு இன்னொரு 177 நாள் போடுங்கள். இரண்டாம் முறையும் நின்றால் எங்களுக்கும் ஆச்சரியம்தான்.

எதிர்பார்ப்பை எந்த அளவில் வைப்பது? சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், தூக்கக் கூடத்தில் 33 பேரிடம் முன்பே எடுத்திருந்த பதிவுகளைத் திரும்ப அலசி 2013-ல் வெளியிட்டார்கள்: முழுநிலாவை ஒட்டித் தூக்கம் 20 நிமிடம் குறைவு, தூக்கம் பிடிக்க 5 நிமிடம் கூடுதல். அடுத்த வருடமே 470 பேரின் தூக்கப் பதிவுகளை வைத்து இன்னொரு குழு பார்த்தபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை. மனநிலை, குற்றம், தற்கொலை, மனநோய் என்று எல்லாவற்றையும் சேர்த்து 37 ஆய்வுகளைத் தொகுத்த ராட்டனும் கெல்லியும் 1985-ல் கண்டது, பிறை விளக்கக்கூடிய பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே. உங்கள் தூக்கம் நாளுக்கு நாள் 50 நிமிடம் போல ஏறி இறங்கும் என்றால், 18 இரவுச் சராசரி தற்செயலாகவே 12 நிமிடம் முன்பின் ஆடும். ஆக 20 நிமிட வித்தியாசமே ஒரு ஆள் நோட்டில் மங்கலாகத்தான் தெரியும். நோட்டு "ஒன்றுமில்லை" என்று சொன்னால், பெரிதாக ஒன்றுமில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியில் வெளிச்சச் சோதனை

முழுநிலா தரும் வெளிச்சம் சுமார் 0.1 முதல் 0.3 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). டியூப் லைட் எரியும் அறையில் நூறு லக்ஸுக்கு மேல். அரை நிலா முழுநிலாவில் பாதி வெளிச்சம் என்று நினைப்பார்கள். பத்தில் ஒரு பங்குதான். கதவை மூடி ஃபேன் போட்டுத் தூங்குகிறவருக்கு நிலா வெளிச்சம் ஒரு பொருட்டே அல்ல. பங்குனியிலிருந்து ஆனி வரை மாடியில் பாய் விரிக்கிறவருக்கும், மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் களத்தில் கட்டில் போட்டுப் படுக்கிறவருக்கும்தான் இது கேள்வி.

முதலில் மாடி தகுதியா என்று பாருங்கள். அமாவாசை இரவு, மேகம் இல்லாத நேரம், மாடித் தரையில் உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். நிழல் விழுந்தால் அது தெருவிளக்கின் நிழல். எல்இடி போட்ட பிறகு நகருக்குள் பெரும்பாலான மாடிகளில் நிழல் விழத்தான் செய்கிறது. அங்கே பௌர்ணமியும் அமாவாசையும் ஒன்றே.

நிழல் விழாத மாடி கிடைத்தால், மாடிக்கும் அறைக்கும் ஒப்பிடாதீர்கள். வெக்கை, கொசு, சத்தம் எல்லாமே வேறு. ஒரே மாடி, ஒரே பாய். தினமும் படுக்கப் போகும் முன் காசு சுண்டுங்கள்: தலை விழுந்தால் கறுப்புத் துணியைக் கண்ணை மூடிக் கட்டுங்கள், பூ விழுந்தால் அதே துணியை நெற்றியில் கட்டுங்கள். துணியின் இறுக்கமும் வியர்வையும் இரண்டு இரவிலும் இருக்கும். வித்தியாசம் வெளிச்சம் மட்டும். பௌர்ணமிக்கு ஆறு நாள் முன்பிருந்து ஆறு நாள் பின்பு வரை, மூன்று பிறைச் சுற்றுக்குச் செய்தால் 39 இரவு கிடைக்கும். மேகம் மூடிய இரவைக் குறித்துவையுங்கள்.

பௌர்ணமிக்கு முந்தின நாட்களைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். பௌர்ணமியன்று பொழுது சாயும்போது உதிக்கிறது. அதற்கு முந்தின நாட்களில் இருட்டும்போதே உயரத்தில் நிற்கிறது. ஆக, முன்னிரவு வெளிச்சம் வளர்பிறைக் கடைசியில்தான் கிடைக்கும். தேய்பிறையில் நிலா வரும்போது ஊர் தூங்கிவிட்டிருக்கும். 2021-ல் அர்ஜென்டினாவின் தோபா–கோம் மக்களிடம், மின்சாரமே இல்லாத குடியிருப்பு உள்பட, கைப்பட்டை கட்டி அளந்தபோது முழுநிலாவுக்கு முந்தின சில இரவுகளில்தான் தாமதமாகவும் குறைவாகவும் தூங்கினார்கள். அமெரிக்காவின் சியாட்டில் மாணவர்களிடமும் அதே சாயல் தெரிந்தது. அங்கே வெளிச்சத்தை மட்டும் காரணம் சொல்லித் தப்ப முடியவில்லை என்பதால் விவகாரம் இன்னும் முடியவில்லை. நோட்டு போடுகிறவருக்கு இதில் கிடைக்கும் குறிப்பு ஒன்றுதான்: இரண்டாம் சுற்று போடுவதானால் ஜன்னலைப் பௌர்ணமிக்கு 5 நாள் முன்பிருந்து 3 நாள் முன்பு வரை வையுங்கள்.

கடையில், வார்டில்

கடைச் சண்டையோ, அவசரப் பிரிவுக்கு வருகிறவர் எண்ணிக்கையோ எண்ணுவதானால் முறை அதேதான். தேதியும் எண்ணிக்கையும் மட்டும் எழுதுங்கள், பெயரோ விவரமோ வேண்டாம். எண்ணத் தொடங்கும் முன்பே "சண்டை" என்றால் என்ன என்று முடிவு செய்யுங்கள்: குரல் உயர்ந்தாலா, பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்தாலா? ஆறு மாத நடுவில் அளவுகோல் நகர்ந்துவிடும். அன்று கடைக்கு வந்த மொத்த ஆட்களையும் குறியுங்கள். அமாவாசையன்று கறிக்கடையில் சண்டை குறைவது ஆள் வராததால்.

மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில்

இங்கே நோட்டு விளையாட்டு அல்ல. இருதுருவ மனநோயில் (பைபோலார்: மனநிலை ஒரு சமயம் மிக ஏறியும் ஒரு சமயம் மிக இறங்கியும் போவது) நிலை வேகமாக மாறும் வகையைச் சேர்ந்த 17 நோயாளிகளின் நீண்ட காலப் பதிவுகளை அலசிய அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வேர், சிலரின் சுழற்சி, பிறைச் சுற்றில் பாதியான 14.8 நாள் தாளத்தோடு சில காலம் ஒட்டி ஓடியதாக 2018-ல் எழுதினார். 17 பேர், அரிய வகை. "அமாவாசைக்கு ஏறுது" என்று வீட்டார் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது என்பதற்கு இது போதும். வைத்தியத்தை அமாவாசை வரை தள்ளிப்போட இது காரணம் ஆகாது.

நடைமுறையில் பார்க்க வேண்டியது மூன்று. விரதம் என்று காலை மாத்திரையை விட்டார்களா? கிரிவலம், எதிர்சேவை என்று இரவு கண் விழித்தார்களா? தண்ணீர் குடித்தார்களா? தூக்கம் கெட்ட ஒரே இரவு, இருதுருவ நோய் உள்ளவரை மேலே தூக்கிவிடப் போதுமானது. வலிப்பு உள்ளவருக்கும் கண் விழிப்பும் விட்டுப்போன மாத்திரையும் ஆபத்து. லித்தியம் என்ற மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அல்லது உப்பில்லாமல் விரதம் இருந்தால், மதுரை வெயிலில் உடம்பில் நீர் வற்றி ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும். கை நடுக்கம் கூடுதல், வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குழறல் தெரிந்தால் "சாமி வந்திருக்கு" என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விரதம் இருக்கத்தான் வேண்டும் என்றால் மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையும் தண்ணீரும் விலக்காமல் வேறு ஏதாவது ஒன்றை விடலாம். மனசில் வைத்து ஒரு வேளை இனிப்பை விட்டாலும் விரதம்தான்.

இவர்களுக்கான நோட்டில் சண்டை, டீ கட்டங்கள் வேண்டாம். தூங்கிய மணி, மாத்திரை சாப்பிட்டாரா, பேச்சின் வேகம், செலவு, இந்த நாலும் போதும், எழுதுகிறவர் கவனித்துக்கொள்கிறவர். தூக்கம் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் குறைந்து அது இரண்டு இரவு தொடர்ந்தால், திதி என்னவாக இருந்தாலும் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ வேறு எங்கோ போகும்போது, கடைசி இரண்டு மாதப் பக்கங்களை மருந்துச் சீட்டோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். "அமாவாசைக்கு அமாவாசை வருது டாக்டர்" என்று சொல்வதைவிட, 22-ம் நாள் மூன்று மணி நேரத் தூக்கம், 21-ம் நாள் மாத்திரை இல்லை என்ற இரண்டு வரி அவருக்கு அதிகம் உதவும்.